பூஜ்யம் சொன்ன பொய்

அத்தியாயம் பதினான்கு

நாத்தனாருக்காக மாமனாரோடு மல்லுக்கு நிற்கிற மருமகளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இந்த வீட்டில் பார்க்கலாம். மாமியார் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அவர் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது, ஆரம்பத்திலேயே ஒரு அதட்டு அதட்டி முடித்திருப்பார்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டுப் பெண்ணை எல்லோரும் செல்லமாக வாலு என்று கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனை செய்கிற லேப் ஒன்றில் முடிவுகளைக் கம்ப்யூட்டரில் பதிகிற பொறுப்பு அவளுடையது. ஒரு நாள் மாலை எல்லாவற்றையும் பதிந்தாள். 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். மறுநாள் வந்து திறந்தால் முந்தைய நாளின் முடிவு ஒன்றுகூட இல்லை. நோயாளிகளை மறுபடி வரவழைத்து, மறுபடி ரத்தம் எடுத்து, மறுபடி பார்ப்பதற்குள் ஒருவருக்குக் கிட்னி கெட்டுப்போனது.

நிர்வாகம் என்ன சொன்னது தெரியுமா? ரத்தக் குழாய்களை மாற்றி வைத்துவிட்டாள், அதை மறைக்கத் தானே அழித்துவிட்டாள் என்றது. வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள். இன்று மதியம் விசாரணை. பழி நிலைத்தால் லேபில் வேலை செய்வதற்கான உரிமம் போகும். அப்புறம் எந்த லேபும் அவளை வாசற்படி ஏற்றாது.

மருமகள் வேலை பார்க்கிற கம்பெனி ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரிக்கிறது. கம்ப்யூட்டரில் மற்ற புரோகிராம்களுக்கெல்லாம் அடியில் உட்கார்ந்து வேலை வாங்குகிற அடிப்படை அது. அதற்குக் கையேடு எழுதுவது அவள் வேலை. ஆபீசில் நேருக்கு நேர் 'கையேடு மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்பது அவளுக்கும் தெரியும், அதை இங்கே எழுத வேண்டாம். வாலுவின் லேபில் ஓடுகிற கம்ப்யூட்டரிலும் இவர்கள் சிஸ்டம்தான். அதில் தகவலைச் சேமித்து வைக்கிற டிஸ்க் கெட்டுப்போயிருந்தது. அதைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்து, போன வாரம் சோதித்துப் பார்த்தாள். பார்த்தவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் என்றால், புரோகிராம் எதுவும் தானாகப் போய் டிஸ்கைத் தொட முடியாது. சிஸ்டத்திடம் வந்து, கவுண்டரில் நின்று கேட்பதுபோல், 'இதை டிஸ்கில் எழுதிக் கொடு' என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கிற வழி ஒவ்வொன்றும் ஓர் அழைப்பு. எழுதச் சொல்லிக் கேட்கிற அழைப்புக்கு 'கமிட்' என்று பெயர். பூஜ்யம் என்று பதில் வந்தால் எழுதியாயிற்று. வேறு எண் வந்தால் எழுத முடியவில்லை. கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

டிஸ்க் 'என்னால் எழுத முடியாது' என்று கையை விரித்த பிறகும் கமிட் பூஜ்யம் என்றது. மறுபடி கேட்டாள். மறுபடியும் பூஜ்யம். வாலுவின் திரை 'சேமிக்கப்பட்டது' என்று சொன்னது இப்படித்தான். அவள் எதையும் அழிக்கவில்லை. அன்றைக்கு எதுவும் எழுதப்படவே இல்லை.

அந்த கமிட் அழைப்பை எழுதியவர் யார் என்கிறீர்கள்? அவள் மாமனார்தான். சாட்சாத் வாலுவைப் பெற்ற அப்பா.

*

மாமனார் சாப்பாட்டு மேசையில் ரொட்டியைப் பிய்த்துக் காபியில் நனைத்துக்கொண்டிருந்தார். மருமகள் ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். உட்காரவில்லை.

"மாமா, நேத்து அனுப்பினதுக்கு நீங்க பதிலே போடலை."

"எதுக்கு?"

"கமிட் பக்கம். புதுசா மூணு வரி சேர்த்திருக்கேன்."

"பாத்தேன். யோசிக்கணும்மா."

"இன்னைக்கு மதியம் வாலுவுக்கு விசாரணை மாமா. யோசிக்க நேரம் ஏது?"

"எனக்குத் தெரியாதா? அவ என் பொண்ணு."

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பொறுப்பாளர். அவர் சம்மதம் என்று எழுதி அனுப்பாமல் அந்த அழைப்பின் ஓர் எழுத்தையும் யாரும் தொடக் கூடாது. கையேட்டில் அதற்குரிய பக்கத்தையும் தொடக் கூடாது. மாமனார் ஓய்வு பெற்றபோது தன்னிடம் இருந்த மற்ற அழைப்புகளையெல்லாம் அடுத்தவர்களுக்குத் தாராளமாகப் பிரித்துக் கொடுத்தார். கமிட்டை மட்டும் கொடுக்கவில்லை. பெரியவருக்குத் தன் தலைச்சன் பிள்ளை மாதிரி அது, விட மனசு வரவில்லை என்று ஆபீசில் சொல்லிச் சிரித்தார்கள். மருமகளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாமா, டிஸ்க் முடியாதுன்னு சொன்னாலும் கமிட் பூஜ்யம்னுதான் சொல்லுது. இது உங்களுக்கு..."

"தெரியும்."

சட்டென்று சொல்லிவிட்டார். ரொட்டியை நனைத்த கை நிற்கவில்லை.

"எப்பலேர்ந்து?"

"எழுதின நாள்லேர்ந்து. தெரிஞ்சுதான் அப்படி எழுதினேன்."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"உனக்கு அந்தக் காலம் தெரியாதும்மா," என்றார் அவர். "அப்ப வந்த டிஸ்கெல்லாம் ஒண்ணுமில்லாததுக்கு முரண்டு பிடிக்கும். எழுதியிருக்கும், ஆனா எழுதலைன்னு சொல்லும். அதை நம்பி ஜனங்களோட புரோகிராமெல்லாம் நின்னு நின்னு போச்சு. தினமும் போன்ல வசவு. கடைசியில வெறுத்துப் போய், டிஸ்க் என்ன வேணா உளறட்டும், நீ பூஜ்யம்னு சொல்லுன்னு எழுதினேன். எல்லாம் ஓட ஆரம்பிச்சுது. என்னைத் தூக்கி வச்சுக் கொண்டாடினாங்க."

"அப்ப டிஸ்க் பொய் சொல்லிச்சு. சரி. இப்ப?"

"இப்ப வர்ற டிஸ்க் நல்ல டிஸ்க்."

"அப்போ பொய் சொல்றது நாம."

அவர் அடுத்த ரொட்டித் துண்டைப் பிய்த்தார்.

"சரி, செஞ்சதுதான் செஞ்சீங்க. கையேட்டுல ஒரு வார்த்தை எழுதி வைக்கக் கூடாதா? ஒவ்வொரு பக்கத்துலயும் குறைகள்னு ஒரு தலைப்பே இருக்கு. அதுக்குக் கீழ 'ஏதுமில்லை'ன்னு போட்டிருக்கீங்களே மாமா!"

"சிஸ்டத்தோட அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம்னு நினைச்சேன். சரி பண்ணப் போறதை எதுக்கு எழுதணும்னு விட்டுட்டேன்." இந்த இடத்தில் அவர் குரல் இறங்கியது. "அடுத்த பதிப்பு வர்றதுக்குள்ள ஊர்ல பாதிப் பேர் அதை நம்பி ஓட ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் மாத்த முடியலை. மாத்தாததை எழுதவும் முடியலை."

உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது. மாற்றப் போகிறோம் என்று எழுதாமல் விட்டார். எழுதாமல் விட்டதால் ஊரே நம்பியது. ஊரே நம்பியதால் மாற்ற முடியவில்லை. இந்தச் சுற்றில் மனுஷன் வாழ்நாள் பூராவும் சுற்றியிருக்கிறார்.

மருமகளுக்கு ஒரு நிமிஷம் அவர் மேல் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் வாலுவின் வீங்கிய முகம் நினைவுக்கு வந்தது, பாவம் போய்விட்டது.

"இத்தனை வாரமா அவ அழுதுக்கிட்டு இருக்கா. நீங்க பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிக் கொடுத்தீங்க. தெரிஞ்சுக்கிட்டே!"

"நான் சம்மதம்னு சொன்னா அது வாலுவோட நிக்குமா?" அவர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "கிட்னி போன ஆள் வருவான். அவனுக்கு முன்னாடி எத்தனை இடத்துல என்னென்ன காணாமப் போச்சோ, எத்தனை பேர் தலையில பழி விழுந்துச்சோ, எனக்கே தெரியாது. அத்தனை பேரும் என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்கம்மா."

"வாலு இந்த வீட்டுக்குள்ளயே நிக்கிறா மாமா."

அவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

தெருவில் இறங்கியதும் அவள், விடிந்ததுமே லேபுக்குக் கிளம்பிப் போயிருந்த வாலுவுக்குப் போன் போட்டாள்.

"இதோ பாரு, யார் என்ன நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுடாதே. மதியத்துக்குள்ள பக்கம் வந்துடும். நான் அனுப்பறேன்."

"அப்பா சம்மதிச்சுட்டாரா அண்ணி?"

மருமகள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"சம்மதிக்க வைக்கிறேன். நீ தைரியமா இரு."

அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்பதை அவளால் சொல்ல முடியவில்லை. எப்படிச் சொல்வது?

*

அவள் புருஷனுக்கும் அதே ஆபீஸ்தான். சிஸ்டத்தின் புதுப் பதிப்பை வெளியே விடுகிற பொறுப்பு அவனுடையது. நல்ல மனுஷன், இல்லை என்று சொல்லவில்லை. யாரோடும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வதையே ஒரு குணமாக வளர்த்துக்கொண்டவன். அப்பா ஒரு பக்கம் இழுக்க, பெண்டாட்டி ஒரு பக்கம் இழுக்க, நடுவில் நின்று இரண்டு பேருக்கும் தலையாட்டுவான்.

அவள் போய்ச் சேரும்போது அவன் ஒரு யோசனையோடு காத்திருந்தான்.

"ராத்திரி பூரா யோசிச்சேன். நீ பக்கத்தை மாத்தாதே. கமிட்டை மாத்து."

"என்னது?"

"பக்கத்துல என்ன இருக்கு? எழுத முடியலைன்னா வேற எண் வரும்னு இருக்கு. கமிட்டும் அதே மாதிரி நடந்துக்கட்டும். அப்ப பக்கம் பொய் இல்லையே? இதுக்கு அப்பாவைச் சம்மதிக்க வைக்கிறது என் பொறுப்பு."

"இன்னைக்கிலேர்ந்து பொய் இல்லை. நேத்து வரைக்கும்?"

"நேத்து வரைக்கும் நடந்ததை யார் பார்த்தா?"

"உங்க தங்கச்சி பார்த்தா."

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். அவள் விடவில்லை.

"ஓடிக்கிட்டு இருக்கிற அழைப்பைச் சத்தமில்லாம மாத்தினா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? பழசைத் தொடாம, பக்கத்துல புதுசா ஒரு அழைப்பு போடணும். அது உண்மையைச் சொல்லட்டும். பழசு எப்படி நடக்குதோ அதைக் கையேட்டுல உள்ளபடி எழுதணும். புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கு நீங்கதானே இதைப் பாடம் எடுக்கறீங்க!"

"ஒரு தடவை மாத்தி ஓட்டிப் பாரேன். ஓட்டிப் பார்க்காமயே முடியாதுங்கறே."

சரி, ஓட்டியே பார்த்துவிடலாம் என்று சோதனை அறைக்குப் போனார்கள். அங்கே இருக்கிறவனுக்கு உடைப்பு என்று பெயர். எதைக் கொடுத்தாலும் உடைத்துக் காட்டுவது அவன் வேலை, அதைச் சந்தோஷமாகச் செய்கிறவன். வாடிக்கையாளர்களின் பழைய புரோகிராம்களையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருப்பான். டிக்கெட் மெஷின், லிஃப்டில் மாடி எண் காட்டுகிற பலகை, வண்டி நிறுத்துமிடத்துத் தடுப்புக் கட்டை, கிடங்கில் மூட்டை நிறுக்கிற தராசு எல்லாம் அங்கே உண்டு. எல்லாவற்றுக்கும் கமிட் வேண்டும்.

சோதனைக்காக மட்டும் மாற்றிய கமிட்டைப் போட்டு, கெட்டுப்போன டிஸ்கைச் சொருகி ஓட்டினான் உடைப்பு.

டிக்கெட் மெஷின் ஒரே டிக்கெட்டை மறுபடி மறுபடி அடித்துத் தள்ளியது. தராசு உறைந்தது. தடுப்புக் கட்டை மேலே போனது போனதுதான், இறங்கவில்லை.

"லிஃப்ட் பலகைக்குத் தான் எந்த மாடியில இருக்கோம்னே மறந்துடுச்சு மேடம்," என்றான் உடைப்பு. "பாவம், பிறந்ததுலேர்ந்து பூஜ்யத்தைத் தவிர வேற பதிலே கேட்டதில்லை. திடீர்னு முடியாதுன்னு சொன்னா அது என்ன பண்ணும்?"

"நல்ல டிஸ்க்ல ஓட்டினா?" என்றான் புருஷன்.

"நல்ல டிஸ்க்ல எல்லாம் நல்லாத்தான் ஓடும் சார். கல்யாணமும் அப்படித்தான்."

மருமகள் சிரிக்கவில்லை. புருஷனும் சிரிக்கவில்லை. உடைப்பு வாயை மூடிக்கொண்டான்.

புருஷன் அவளை ஓரமாகக் கூட்டிப் போனான்.

"சரி, பக்கத்தையே மாத்து. ஆனா அந்தக் கடைசி வரி வேண்டாம்."

அவள் எழுதியது இவ்வளவுதான்: 'டிஸ்க் எழுத மறுத்தாலும் கமிட் பூஜ்யத்தையே தரும். பூஜ்யம் வந்ததை மட்டும் வைத்துத் தகவல் பத்திரமாக இருப்பதாக நம்ப வேண்டாம். முதல் பதிப்பிலிருந்தே இப்படித்தான் நடக்கிறது.'

"கடைசி வரி இல்லாம வாலுவுக்கு என்ன பிரயோஜனம்? இன்னைக்குத்தான் கெட்டுப் போச்சுன்னு சொல்லுவாங்க."

"அப்பாவோட பேரு..."

"உங்க தங்கச்சிக்குப் பேரு இல்லையா? அவளைத் திருடின்னு சொல்லாத குறையா நிக்க வச்சிருக்காங்க. உங்களுக்கு நெஞ்சு பதறலையா? எனக்குப் பதறுதே! நான் வேற வீட்டுப் பொண்ணு!"

அவள் கத்தியது சோதனை அறைக்கே கேட்டது. கேட்கட்டும் என்றுதான் கத்தினாள்.

அவன் கைபேசி அடித்தது. எடுத்து, "வர்றேம்ப்பா" என்று மட்டும் சொன்னான். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அப்பாவுக்கு வெளிய ஒரு வேலையாம். கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன். நானும் பேசிப் பார்க்கறேன்."

"பேசுங்க. கால்ல விழுந்தாவது சம்மதம் வாங்குங்க."

அவன் போய்விட்டான். அவள் தன் மேசையில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடப் போகலாம் என்று கூப்பிட்டவர்களை வேண்டாம் என்று அனுப்பினாள். விசாரணை நேரம் நெருங்க நெருங்க, எழுதிய மூன்று வரியை அழித்துவிட்டு மறுபடி அதையே எழுதினாள். சம்மதம் இல்லாமலே வெளியிட்டுவிட்டால் என்ன? வேலை போகும், அவ்வளவுதானே? போகட்டும். ஆனால் வழக்கத்தை மீறிப் போட்ட பக்கத்தை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். எடுத்த பக்கத்தை வைத்து வாலு என்ன செய்வாள்?

அந்த நேரத்தில்தான் வந்தது. மாமனாரிடமிருந்து ஒரே சொல்.

'சம்மதம்.'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நிபந்தனை எதுவும் இல்லை. கடைசி வரியை எடு என்று சொல்லவில்லை. சம்மதம், அவ்வளவுதான்.

கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. 'எவ்வளவு கஷ்டப்பட்டு இதை எழுதியிருப்பார்! காலையில் என்னவெல்லாம் பேசிவிட்டேன்' என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பெற்ற மனசு பெற்ற மனசுதான் என்று நினைத்துக்கொண்டாள். புருஷன் மேல்கூடப் பிரியம் வந்தது. வாயில்லாப் பூச்சி என்று நினைத்தோமே, போய்ப் பேசிச் சாதித்துவிட்டானே!

பக்கத்தை வெளியிட்டாள். 'ஏதுமில்லை' என்ற சொல் போய், அந்த இடத்தில் மூன்று வரி வந்து உட்கார்ந்தது. உடைப்பு எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாடா, என்னைக்கோ எழுதியிருக்க வேண்டியது" என்றான். வாலுவுக்கு அனுப்பினாள். அதோடு நிற்காமல் விசாரணைக் குழுவுக்கும் தன் பெயர், வேலை, எல்லாம் போட்டு, விளக்கமாக எழுதி அனுப்பினாள். பிறகு வாலுவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. உள்ளே விசாரணை நடக்கிறது போலிருக்கிறது என்று சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வெகு நேரம் கழித்து வாலுவே கூப்பிட்டாள்.

"அண்ணி, அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன்டி! பாத்தியா? அப்பா சம்மதிச்சுட்டாரு! ஒரு வரி விடாம அப்படியே வந்திருக்கு. குழுவுக்கும் அனுப்பிட்டேன். என்ன சொன்னாங்க?"

அந்தப் பக்கம் வாலு ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"வாலு?"

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன் அண்ணி."

"எதுல?"

"கவனக்குறைவா அழிச்சுட்டேன்னு. நானேதான்னு. விசாரணை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டேன்."

மருமகளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "உனக்கென்ன பைத்தியமா? காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! யாரு போடச் சொன்னா?"

"அப்பா."

மருமகள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அப்பா நேர்ல வந்தாரு அண்ணி. லேப் வாசல்ல என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. எல்லாத்தையும் சொன்னாரு. அந்த கமிட், பூஜ்யம், எல்லாம். கேஸ் இழுத்துக்கிட்டே போனா அந்தப் பக்கத்தை எடுத்துக்கிட்டு வக்கீலெல்லாம் வருவாங்களாம். யாரு எழுதினது, யாருக்குத் தெரியும்னு கிளறுவாங்களாம். கேஸ் இன்னைக்கே முடிஞ்சுட்டா அது வெறும் கையேட்டுப் பக்கம்தானாம், யாரும் படிக்க மாட்டாங்களாம். கவனக்குறைவுன்னு எழுதினா கொஞ்ச நாள்ல விட்டுடுவாங்கன்னாரு. இந்த வயசுல என்னைக் கூண்டுல ஏத்தாதேம்மான்னு அழுதாரு அண்ணி. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை."

"விட்டுட்டாங்களா?"

"உரிமத்தை எடுத்துட்டாங்க."

அதைச் சொல்லும்போது வாலு அழவில்லை. மருமகள்தான் அழுதாள்.

"சரி, அழாதே," என்றாள், அழாதவளிடம். "எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்கிக்கலாம். நான் அனுப்பினதைக் குழு பார்த்திருக்கும்ல? அதை வச்சு..."

"பார்த்தாங்க. அதனாலதான் கூப்பிட்டேன். அந்தப் பக்கத்தோட தேதி இன்னைக்குத் தேதி அண்ணி. எழுதினது என் அண்ணி. சம்மதம் கொடுத்தது என் அப்பா. காலையில நான் ஒத்துக்கிட்டேன், மதியம் குடும்பமாச் சேர்ந்து ஜோடிச்சு அனுப்பியிருக்கோம்னு சொல்றாங்க. கவனக்குறைவுன்னு எழுதியிருந்ததை வெட்டிட்டு, வேணும்னே அழிச்சதுன்னு மாத்திட்டாங்க."

மருமகள் நல்லது செய்கிறேன் என்று ஓடி ஓடி அனுப்பியது, வாலுவின் தலையிலேயே இடியாக விழுந்திருக்கிறது.

"அப்பா எப்படி வந்தாரு? தனியாவா?"

"அண்ணன் கார்ல. அண்ணன் இறங்கலை. கண்ணாடியைக்கூட இறக்கலை. நான் கை காட்டினேன், வேற பக்கம் பார்த்துக்கிட்டாரு."

*

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மாமனார்தான் கதவைத் திறந்தார். புருஷனைக் காணவில்லை. கார் மட்டும் நின்றிருந்தது. மாடியில் குளியலறைக் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. இவள் வருகிற நேரம் தெரிந்து உள்ளே போயிருக்கிறான்.

"வாம்மா. பக்கம் வந்துடுச்சுன்னு பார்த்தேன். நல்லா எழுதியிருக்கே. சுருக்கமா, தெளிவா."

அவள் செருப்பைக் கழற்றவில்லை.

"வாலுவோட உரிமம் போச்சு மாமா."

"சொன்னா. போன் பண்ணினா." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலிக்குப் போனார். காலையில் இருந்ததைவிட வயசு ஏறியிருந்தது. "நான் இருக்கேன், அவளை நான் பார்த்துக்கறேன்."

"அவளுக்கு நீங்க சோறு போட வேண்டாம். அவ வேலையை அவகிட்ட கொடுங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குச் சம்மதம்னு அனுப்பினீங்களே, அவ கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம்தானே அனுப்பினீங்க? அவ எழுதிக் கொடுத்ததைக் கண்ணால பார்த்துட்டு, கார்ல உக்காந்து அனுப்பினீங்க. நான் லூசு மாதிரி அழுதேன் மாமா. உங்களைப் பெரிய மனுஷன்னு நினைச்சு அழுதேன்."

"நீ கேட்டதை நான் கொடுத்தேன்," என்றார் அவர். "அவ கேக்காமயே எனக்குக் கொடுத்தா."

"அவ கேக்காம கொடுத்தாளா? கையைப் பிடிச்சு அழுது வாங்கினீங்க!"

மாடியில் குழாய்ச் சத்தம் நின்றது. யாரும் இறங்கி வரவில்லை.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரல் நிதானமாக வந்தது, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நாளைக்குக் காலையில அந்த லேபுக்கு நான் போறேன் மாமா. டிஸ்கை எடுத்துக்கிட்டுப் போறேன். அவங்க கண்ணு முன்னாடியே ஓட்டிக் காட்டறேன். அவளைக் கையெழுத்துப் போட வச்சது யாருன்னும் சொல்லப் போறேன். உங்க பேரைச் சொல்லுவேன். உங்க பிள்ளை பேரையும் சொல்லுவேன்."

மாமனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பயப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கெஞ்சுவார் என்றுகூட எதிர்பார்த்தாள். காலையில் பெற்ற பெண்ணிடம் கெஞ்சியவர்தானே?

"சொல்லும்மா," என்றார். "தாராளமாப் போய்ச் சொல்லு. அவங்க வாலுவைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. என் பொண்ணு, அப்படியெல்லாம் எதுவும் நடக்கலைன்னுதான் சொல்லுவா."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் இல்லை. தன் பெண்ணைப் பற்றிப் பெருமை இருந்தது.